உடன் வசிக்கும் நபர்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஆறு வீடு. நான்கில் மாடி ஏற வேண்டியிருந்தது. முழங்கால் விண்விண் என்று தெறிக்கிறது. முதியோர் நல அலுவலகத்தில் மதிப்பீட்டாளர் வேலைக்கு முதல் தகுதி படிப்பு இல்லை, மூட்டுதான்.

புதிய சுற்றறிக்கை வந்துவிட்டது. பதினெட்டு வருஷமாக நிரப்பும் படிவம்தான், இருந்தாலும் எழுதிப் பார்த்தால்தான் மண்டையில் ஏறும் போலிருக்கிறது. இருபத்தைந்து கேள்வி. தானே எழுந்து நிற்க முடியுமா, தானே குளிக்க முடியுமா, அடுப்பை அணைக்க மறப்பதுண்டா. முடியாத ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. இதுவரை பன்னிரண்டு வந்தால் தினமும் இரண்டு மணி நேரம் வீட்டுக்கு உதவியாளர் வருவார். இனிமேல் பதினான்கு வர வேண்டும். இருபதைத் தொட்டால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது, காப்பகம்தான். அதில் மாற்றமில்லை. புதிதாக ஒரு வரி: ‘உடன் வசிக்கும் வயதுவந்த நபர் இருப்பின் மூன்று புள்ளிகள் கழிக்கப்படும்.’

அப்பா அதை வாங்கிப் பார்த்தார். நாற்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். பென்சிலை எடுத்து அந்த வரிக்குக் கீழே கோடு போட்டார்.

"கழிக்கப்படும்னா? யார் கழிக்கிறது? எழுவாயே இல்லையே இதுல!"

காலையில் சாப்பிட்டோமா இல்லையா என்பது அவருக்கு மறந்துவிடுகிறது. எழுவாய் இல்லாதது மட்டும் கண்ணில் பட்டுவிடுகிறது. நான் சிரித்தேன். நாளையிலிருந்து கழிக்கப்போவது நான்தான் என்று சொல்லவில்லை.

மார்ச் 6, வியாழன்

அப்பாவோடு பகலில் இருந்தவர் இன்றோடு நின்றுவிட்டார். அவருடைய மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாராம்.

"உங்க அப்பாவை நான் பார்க்க வந்துட்டா எங்க வீட்டுக் கிழவியை யாரு பார்ப்பா, நீங்களே சொல்லுங்க."

என்ன சொல்ல? இந்த ஊரில் வீட்டுக்கு ஒருவர் விழுந்துகொண்டிருக்கிறார். தூக்கிவிட இருந்தவர்களும் விழுகிற வயதுக்கு வந்தாயிற்று.

ஆள் அனுப்பும் நிறுவனத்துக்குப் போன் செய்தேன். "பட்டியல்ல போட்டு வைக்கிறோம் மேடம், வந்ததும் கூப்பிடுறோம்" என்றார்கள். இதே வாக்கியத்தை இதே குரலில் நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். கேட்கிற பக்கத்தில் இன்றுதான் நின்று பார்த்தேன்.

மார்ச் 7, வெள்ளி

வெளியே பூட்டிவிட்டுப் போனேன். எரிவாயுவை அடைத்து, கத்தி, கத்தரிக்கோல், தீப்பெட்டி எல்லாவற்றையும் அலமாரியில் வைத்து. மதியம் ஓடி வந்து ஊட்டிவிட்டு மறுபடி பூட்டினேன்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று பார்த்த ஒரு வீட்டைப் பற்றி எழுத வேண்டும்.

மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அக்காவும் தம்பியும். அக்காவுக்கு எண்பத்தாறு, தம்பிக்கு எழுபத்தொன்பது. இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. தம்பி பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கண் நீர் அழுத்த நோயில் பார்வை போய்விட்டது, வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். அக்காவுக்குக் கண் கழுகு மாதிரி, ஆனால் இடுப்புக்குக் கீழே ஒத்துழைப்பதில்லை. சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். தம்பி அடுப்படியில் நிற்கிறார். அக்கா அவரை வாயாலேயே ஓட்டுகிறார்.

"இடது பக்கம். இன்னும் கொஞ்சம். டேய், அது உப்பு இல்லடா, சோடா!"

"ரெண்டும் வெள்ளைதானே?"

"உனக்கு எல்லாமே கறுப்பு. வெள்ளையாம்!"

இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன், கையில் படிவத்தோடு.

நான்கு வருஷமாக அங்கே உதவியாளர் போய்வருகிறார். அக்காவைக் குளிப்பாட்டுவது, துணி துவைப்பது, வெந்நீர் சுமப்பது, கடைக்குப் போவது. புதிய விதிப்படி மறுமதிப்பீடு. கேள்வி கேட்கத் தொடங்கினேன். தானே குளிப்பீர்களா? "ஓ, குளிப்பேனே" என்கிறார் அக்கா. தானே எழுந்து நிற்பீர்களா? நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தே விட்டார். கை நடுங்குகிறது, உதடு வெளுக்கிறது, விழப்போகிறார். ஓடிப்போய்ப் பிடித்தேன். வெளியே போகும்போது போடுகிற நல்ல உடை, தலையெல்லாம் படிய வாரி. எனக்காகத்தான்.

"இது பரீட்சை இல்லம்மா. எது முடியலையோ அதைச் சொல்லுங்க. அப்பதான் உதவி கிடைக்கும்."

கண்டக்டர்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தார். "அதிகமா முடியலைன்னு சொன்னா காப்பகத்துக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்களாமே மேடம்? கீழ்வீட்டு ஆளு சொன்னாரு. ஆம்பளைங்களுக்கு ஒரு எடம், பொம்பளைங்களுக்கு வேற எடமாம்."

உண்மைதான். இரண்டு காப்பகங்களுக்கும் நடுவில் இருபத்திரண்டு கிலோமீட்டர்.

பதினான்குக்குக் குறைந்தால் கை கழுவிவிடுவோம். இருபதைத் தொட்டால் பிரித்துவிடுவோம். நடுவில் இருக்கும் சந்தில் இந்த இரண்டு பேரையும் நிறுத்தி வைக்க வேண்டும். நான் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினால் இருவருமே இருபதுக்கு மேல். தம்பிக்குப் பதினைந்தும் அக்காவுக்குப் பதினாறும் போட்டுவிட்டு இறங்கினேன்.

மார்ச் 12, புதன்

அலுவலகத்தில் கணக்குப் போடும்போதுதான் உறைத்தது. உடன் வசிக்கும் வயதுவந்த நபர். அக்காவின் படிவத்தில் அந்த இடத்தில் தம்பியின் பெயர். தம்பியின் படிவத்தில் அக்காவின் பெயர். இவருக்கு அவர் துணை என்று மூன்று கழிய வேண்டும், அவருக்கு இவர் துணை என்று மூன்று கழிய வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று. இருவருக்கும் உதவி ரத்து.

மேலாளரிடம் எடுத்துக்கொண்டு போனேன். கெட்ட மனிதர் இல்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் பேசினார்.

"எனக்கும் தெரியுதும்மா. நான் இந்த ஆபீசுக்கு வந்தப்போ இந்த ஊர்ல பத்துல ஒருத்தர் அறுபதைத் தாண்டினவங்க. இப்ப நாலுல ஒருத்தர். உதவியாளர் அன்னைக்கும் பதினோரு பேர், இன்னைக்கும் பதினோரு பேர். தொள்ளாயிரம் பேர் காத்துக்கிட்டு இருக்காங்க. யாரையாவது கழிச்சாத்தான் யாரையாவது சேர்க்க முடியும்."

"கண்ணு தெரியாதவரும் நடக்க முடியாதவரும் ஒருத்தருக்கொருத்தர் துணையா சார்?"

"வயதுவந்த நபர்னுதான் போட்டிருக்கு. எந்த வயசு வரைக்கும்னு போடலையே."

மார்ச் 14, வெள்ளி

இருவருக்கும் ரத்துக் கடிதம் போய்விட்டது. கீழே என் கையெழுத்து.

மார்ச் 19, புதன்

எதிர்வீட்டுக்காரி சாயங்காலம் பிடித்துக்கொண்டாள். அப்பா மதியமெல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டாராம். "என்னை யாரோ உள்ள வெச்சுப் பூட்டிட்டாங்க, கொஞ்சம் போலீசுக்குச் சொல்லுங்களேன்" என்று. மரியாதையாக, ஒவ்வொருவரிடமும்.

"தப்பா நினைக்காதீங்க. பெத்த அப்பாவைப் பூட்டி வைக்கிறது நல்லா இல்ல. நாலு பேரு என்ன நினைப்பாங்க?"

நாலு பேரு. அந்த நாலு பேர்ல ஒருத்தராவது வந்து மத்தியானம் ஒரு மணி நேரம் உட்காரலாமே? வாய் வரைக்கும் வந்தது. முழுங்கிட்டேன். அவ சொல்றதுல என்ன தப்பு? படிவத்துல இருபத்திரண்டாவது கேள்வி அதானே – பகலில் தனியே அடைத்து வைக்கப்படுகிறாரா? ஊரான் வீட்ல பார்த்திருந்தா நானே டிக் போட்டிருப்பேன். பக்கத்துல குறிப்பு வேற எழுதியிருப்பேன், சிவப்பு மையில.

உள்ளே போனதும் அப்பா என்னைப் பார்த்து முகம் மலர்ந்தார். "வந்துட்டியா, நல்ல வேளை. யாரோ ஒரு பொம்பளை என்னைப் பூட்டிட்டுப் போயிட்டாம்மா."

மார்ச் 23, ஞாயிறு

என் தம்பி போன் செய்தான். கடல் தாண்டி உட்கார்ந்து பதினொரு வருஷம் ஆகிறது. வீடியோவில் அப்பாவுக்குக் கை காட்டினான். அப்பாவும் காட்டினார். வைத்த பிறகு "யாரு அந்தப் பையன்? நல்ல பையனா இருக்கான்" என்றார்.

"அக்கா, நீ பக்கத்துல இருக்கே, அதான் நான் நிம்மதியா இருக்கேன்."

நல்ல வேளை, ஒருவராவது நிம்மதியாக இருக்கிறோம்.

மார்ச் 30, ஞாயிறு

எதிர்வீட்டுக்காரியிடமே கெஞ்சி அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மூன்றாவது மாடிக்குப் போனேன். அலுவலக வேலையாக இல்லை. மனசு கேட்கவில்லை.

கதவைத் திறந்ததுமே நாற்றம். கண்டக்டரின் இடது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. வெந்நீர் கொட்டிவிட்டதாம். "சின்னக் காயம்தான் மேடம்" என்று பின்னால் ஒளித்துக்கொண்டார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதவியாளர் நின்று பதினைந்து நாள். குளித்தும் பதினைந்து நாள்.

கைப்பையை வைத்துவிட்டுத் தண்ணீர் காய்ச்சினேன். கையைப் பிடித்து, இழுத்து, தூக்கி, எப்படியோ குளியலறை முக்காலியில் உட்கார வைத்தேன். முதுகு முழுக்கத் தடித்துப் போயிருந்தது. இடுப்பில் ஒரு புண் ஆரம்பித்திருக்கிறது. வெந்நீர் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டார்.

"தம்பி குளிப்பாட்டுறேன்னு வந்தான். வேணாம்னுட்டேன்."

"ஏம்மா?"

"அவனுக்குக் கண்ணு தெரியாதுன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும்... நான் தூக்கி வளர்த்த பையன்."

நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். வெளியே கண்டக்டர் நடை முழுக்கத் துணி விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தார். கேட்காத மாதிரி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு.

ஏப்ரல் 2, புதன்

ஒரு காரியம் செய்தேன்.

அந்த வீட்டுக்கு இரண்டு வாசல் உண்டு. முன்வாசல், பின்பக்கம் துணி காயப்போடும் இடத்துக்குப் போகும் கதவு. அக்காவின் முகவரியில் ‘முன்வீடு’ என்று எழுதினேன். தம்பியின் முகவரியில் ‘பின்வீடு’. உடன் வசிப்பவர்: இல்லை. இருவருக்கும் தனித்தனி மறு விண்ணப்பம், தனித்தனி உறை. மூன்று புள்ளி கழியாது. பதினைந்து, பதினாறு. இருவரும் தேறிவிட்டார்கள்.

பதினெட்டு வருஷத்தில் ஒரு புள்ளிகூட மாற்றிப் போட்டதில்லை என்று போன மாதம்வரை மார் தட்டிக்கொண்டிருந்தவள் நான். காப்பிக் கறை படாமல் அழகாக எழுதினேன்.

ஏப்ரல் 10, வியாழன்

உதவியாளர் மறுபடி அங்கே போகத் தொடங்கிவிட்டார். கண்டக்டர் அலுவலகத்துக்கே போன் போட்டார். "மேடம், அக்கா இப்ப ராணி மாதிரி உட்கார்ந்திருக்கா. என்னை ‘பின்வீட்டுக்காரரே’ன்னு கூப்பிடுறா. வாடகை கேக்குறா!" பின்னாலிருந்து அக்கா சிரிப்பது கேட்டது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நானும் சிரித்துக்கொண்டே வந்தேன். இந்த வருஷத்தில் இப்படி ஒரு நாள் இதுதான் முதல்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மாட்டிக்கொண்டேன்.

முகவரிகளைக் கணினியில் ஒத்துப் பார்க்கிறார்களாம். மின்சார இணைப்பு ஒன்று, வீடு இரண்டு என்று வந்து நின்றிருக்கிறது. மேலாளர் கதவைச் சாத்தச் சொன்னார்.

"என்னம்மா இது, முன்வீடு பின்வீடு?"

"நான்தான் எழுதினேன் சார். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியும் நீங்கதான்னு. உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா?" இரண்டு உறைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். பிறகு, "என்கிட்ட வந்திருக்கலாமே" என்றார்.

"வந்தேனே சார். மார்ச் மாசம்."

விவகாரம் விசாரணைக் குழுவுக்குப் போகிறது. குழு கூடுவதற்கு முன்னால் மருத்துவர் அந்த வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்ப்பாராம்.

முதலிலிருந்து. பார்த்ததைப் பார்த்தபடி எழுதினால் இருவருமே இருபதைத் தாண்டுவார்கள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

மூன்று பேர் கொண்ட குழு. நடுவில் மருத்துவர். மூன்று பேருக்குமே ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். அதில் ஒருவர் நாற்காலியிலிருந்து எழும்போது மேஜையைப் பிடித்துக்கொள்கிறார்.

என்னைப் பேசச் சொன்னார்கள். தயாரித்துக்கொண்டு போனதையெல்லாம் மறந்துவிட்டு மனதில் இருந்ததைப் பேசினேன். கண் தெரியாதவர் எப்படி ஒருவரைப் பார்த்துக்கொள்ள முடியும்? எழுந்து நிற்க முடியாதவர் எப்படி ஒருவருக்குத் துணையாக முடியும்? காகிதத்தில்தான் இவருக்கு அவர், அவருக்கு இவர். உண்மையில் இரண்டு பேருக்குமே ஆள் தேவை. தயவுசெய்து அந்த மூன்று புள்ளிக் கழிவை எடுத்துவிடுங்கள்.

மருத்துவர் கவனமாகக் கேட்டார். குறிப்பெடுத்துக்கொண்டார். "நீங்க சொல்றது ரொம்பச் சரி" என்றார். எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது.

அப்புறம் அவரே போன வாரம் நேரில் பார்த்து எடுத்த மதிப்பீட்டைப் படித்தார். அக்கா இருபத்திரண்டு. தம்பி இருபத்தொன்று. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் நிலையில் இல்லை என்று களப்பணியாளரே உறுதி செய்திருப்பதால் மூன்று புள்ளிக் கழிவு இல்லை; இருவரையும் உடனடியாகக் காப்பகத்தில் சேர்க்கப் பரிந்துரை.

களப்பணியாளர். நான்.

"சார், ரெண்டு பேரையும் சேர்த்து ஒரே படிவமா போடுங்க. சேர்த்துப் பார்த்தா அங்க ஒரு முழு ஆள் இருக்கு. பிரிச்சா ஒண்ணுமே இருக்காது." கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன்.

"படிவத்துல ஒரு பேருக்குத்தான்மா இடம் இருக்கு" என்றார், மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர். இரக்கத்தோடுதான் சொன்னார்.

மே 6, செவ்வாய்

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். போனேன்.

ஆண்கள் காப்பக வண்டி முதலில் வந்துவிட்டது. கண்டக்டர் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, கையில் ஒரு பையோடு நின்றார். அக்காவின் நாற்காலியை மாடிப்படி முகப்புவரை தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள்.

காப்பக ஆள் கண்டக்டரின் கையைப் பிடிக்கப் போனான். "விடுப்பா, அவ சொல்லுவா" என்றார்.

"எட்டுப் படிடா. கம்பி வலது பக்கம். ஆங். இப்பத் திரும்பு. இன்னும் எட்டு."

முதல் திருப்பத்துக்கு அப்புறம் அக்காவின் கண்ணுக்கு அவர் தெரியவில்லை. அப்போதும் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார், படி கணக்கை மனதுக்குள் வைத்துக்கொண்டு. கீழேயிருந்து "ஆச்சு", "ஆச்சு" என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. பிறகு வண்டிக் கதவு சாத்தும் சத்தம். அக்கா அதற்கு மேலும் ஒருமுறை, "பார்த்து, வாசல்ல பள்ளம் இருக்கு" என்றார்.

அவருடைய வண்டி வர இன்னும் ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் பக்கத்திலேயே நின்றேன். என்னை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மே 9, வெள்ளி

எனக்கும் உத்தரவு வந்தது. வேலை போகவில்லை. களப்பணி கிடையாது, தலைமை அலுவலகத்தில் ஆவணப் பிரிவு. போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். மதியம் வீட்டுக்கு வந்துபோவது இனி நடக்காது.

வேலையை விட்டுவிடலாமா? இன்னும் நான்கு வருஷம் இருக்கிறது ஓய்வூதியத்துக்கு. இப்போது விட்டால் என் எண்பதில் நான் எங்கே நிற்பேன்? அப்பாவுக்காவது நான் ஒருத்தி. எனக்கு?

மே 17, சனி

பழைய களப்பணி அடையாள அட்டையை அலுவலகத்தில் திருப்பிக் கேட்கவில்லை. அதைக் காட்டிப் பெண்கள் காப்பகத்துக்குள் போனேன். சுத்தமாக இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டும். நாற்பது கட்டில், நாற்பது அலமாரி, ஒரு தொலைக்காட்சி. புண்ணுக்கு மருந்து போடுகிறார்கள். குளிப்பாட்டுகிறார்கள். நாம் உதவியாளர் அனுப்பிச் செய்ய முடியாததையெல்லாம் செய்கிறார்கள்.

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். திரும்பாமலே பேசினார்.

"நீ நல்லவதான். அது எனக்குத் தெரியும்."

"அம்மா..."

"ஆனா எங்களை அப்படியே விட்டிருக்கலாம். நாத்தமடிச்சா அடிச்சிட்டுப் போகுது. யாரு மோந்து பார்க்கப் போறா?"

"தம்பியைப் பார்க்க ஏற்பாடு பண்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். விண்ணப்பம் போட்டிருக்கிறேன். வண்டி வேண்டும், கூட ஒரு பணியாளர் வேண்டும், இரண்டு காப்பகத்துக்கும் ஒத்த நாள் வேண்டும்.

ஜூன் 16, திங்கள்

இருவரையும் சந்திக்க வைக்க நாள் குறித்துவிட்டார்கள். ஜூலை 12. அதற்கு முன் வண்டி இல்லையாம்.

அப்பா இப்போது ஜன்னலுக்குப் போவதில்லை. டப்பாவில் வைத்துவிட்டுப் போகும் மதியச் சாப்பாடு பாதி நாள் அப்படியே இருக்கிறது. செய்தித்தாளில் பென்சில் கோடு இல்லை. பிழையெல்லாம் பிழையாகவே கிடக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

அக்கா நேற்றுக் காலை போய்விட்டார். காய்ச்சல், இரண்டே நாள்.

தம்பிக்குச் சொல்லிவிட்டார்களா என்று ஆண்கள் காப்பகத்துக்குப் போன் செய்தேன். "எங்களுக்குத் தகவலே வரலையே" என்றார்கள். விடுப்புப் போட்டுவிட்டு நானே போனேன்.

கட்டில் ஓரத்தில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். கன்னத்தில் கஞ்சி காய்ந்து ஒட்டியிருந்தது. என் காலடிச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்.

"மேடமா? சனிக்கிழமைதானே கூட்டிட்டுப் போறேன்னீங்க?"

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை.

கொஞ்ச நேரம் உள்ளங்கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"குளிப்பாட்டினது யாரு?"

"அங்கேயே ஆளுங்க இருக்காங்க சார்."

"ஆம்பளையா பொம்பளையா?"

"பொம்பளைங்கதான்."

"சரி" என்றார். நான் எழுந்து வந்ததும் அவருக்குத் தெரிந்ததா என்று தெரியாது.

ஆகஸ்ட் 20, புதன்

ஆவணப் பிரிவில் என் வேலை: பட்டியலிலிருந்து நீங்கியவர்களின் கோப்பை மூடுவது. இறப்பு, காப்பகம், இடம் மாற்றம், தகுதி இன்மை என்று நான்கு கட்டம். ஒன்றில் குறி போட்டுக் கட்ட வேண்டும். காத்திருப்போர் எண்ணிக்கை குறைந்திருப்பதாகப் பாராட்டுக் கடிதம் வந்தது. எங்கள் பிரிவுக்கும் ஒரு பிரதி.

செப்டம்பர் 11, வியாழன்

அப்பா

குளியலறை வாசல்ல. காலையில நான் கிளம்பின உடனே விழுந்திருக்கணும். ராத்திரிச் சட்டை இன்னும் மாத்தலை. நான் வந்தது ஆறரைக்கு. பத்து மணி நேரம். கூப்பிட்டிருப்பாரா? எதிர்வீட்ல ஊருக்குப் போயிட்டாங்க. யாரைக் கூப்பிட்டிருப்பாரு? என் பேரு ஞாபகம் இருந்திருக்குமா?

இடுப்பு எலும்பு. ஆஸ்பத்திரி நடையில உட்கார்ந்து எழுதறேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது என்கிறார்கள். நடக்க மாட்டார் என்றும் அவர்களேதான் சொல்கிறார்கள். வீட்டுக்கு அனுப்பலாமா என்று பார்க்க மதிப்பீட்டாளர் வந்தாள். என் இடத்துக்கு வந்தவள், நான் பழக்கிவிட்டவள்தான். படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"பகல்ல கூட யாரு இருந்தாங்கக்கா?"

"யாரும் இல்ல."

"பூட்டிட்டுப் போவீங்களா?"

"ஆமா."

பேனா நின்றது. "வேற மாதிரி எழுதட்டுமா அக்கா?" என்றாள் மெதுவாக.

"உள்ளதை எழுது" என்றேன்.

இருபத்து மூன்று. என் தம்பிக்குப் போன் செய்தேன். அழுதான். "நல்லபடியா பார்த்துக்குவாங்க இல்லக்கா?" என்றான். புண்ணுக்கு மருந்து போடுவார்கள், குளிப்பாட்டுவார்கள் என்றேன்.

அக்டோபர் 8, புதன்

அப்பாவை ஆண்கள் காப்பகத்தில் சேர்த்துவிட்டு வந்தேன். இரண்டாவது அறை, சுவர் ஓரக் கட்டில். கண்டக்டர் இருந்த கட்டிலில் வேறொருவர் இருக்கிறார். எப்போதிலிருந்து என்று கேட்கவில்லை. அந்தக் கோப்பு எப்படியும் என் மேஜைக்குத்தான் வரும்.

பதிவேட்டில் உறவுமுறை என்ற இடத்தில் ‘மகள்’ என்று எழுதினேன். அடையாள அட்டையை நீட்டினேன். மேஜையில் இருந்தவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது செல்லாதும்மா, களப்பணிக்காரங்களுக்குத்தான்" என்று வாங்கி வைத்துக்கொண்டார். பதிலுக்கு ஒரு மஞ்சள் அட்டை கொடுத்தார். ‘உறவினர் சந்திப்பு: ஞாயிறு, மாலை 3 முதல் 5 வரை.’

கிளம்பும்போது அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நன்றிம்மா. இவ்வளவு தூரம் வந்து விட்டுட்டுப் போறீங்க. உங்க வீட்ல தேட மாட்டாங்களா?"

"இல்லப்பா, தேட மாட்டாங்க."

அக்டோபர் 9, வியாழன்

அலுவலகம் முடிந்து பேருந்து நிறுத்தத்துக்கு வந்தபோது வண்டி நின்றுகொண்டிருந்தது. ஓடினால் பிடித்திருக்கலாம். ஓடவில்லை. அடுத்ததையும் விட்டுவிட்டு, அதற்கடுத்ததில் ஏறினேன். உட்கார இடம் இருந்தது.